காட்டுப்பூனைக்கு ஒரு குழல்

காட்டுப்பூனை என்பார்கள் இந்த மாதிரித் தோட்டாவை.
எந்தக் கடையும் இதற்குப் பால் வைப்பதில்லை.

ஐடஹோவில் பனி உருகிச் சேறான ஏப்ரலில்
ஆர்வில் ஹாக்ஸ்டட் ஒரு தாளோடு வந்தான்:
எல்க் மானுக்கான பித்தளைக் கூடு,
கழுத்தை நெரித்து ஒடுக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி,
வாயில் ஒல்லியாய் ஒரு குண்டு.
முடியாது என்று சொல்லியிருக்கலாம்.
அந்த மாத வாடகை பாக்கி.

குழல் வர ஏழு மாதம்.
அறை குடையும் கருவிக்குப் பதினான்கு.
இடையில் அவனுக்கு விவாகரத்து ஆனது,
எனக்கு ஒரு கடைவாய்ப்பல் போனது.

கருவி வந்ததும் அளந்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
கழுத்தில், அங்குலத்தை ஆயிரமாய்ப் பிளந்தால்
ஆறு துளி அதிகம்.
அவன் ஒன்று போட்டால் ஏழு போலத் தெரியும்.

தொலைபேசியில் வெகுநேரம் மூச்சு மட்டும்.
பிறகு,
"படத்தைத் திருத்திடு, நெல்டா."

திருத்தினேன்.
மாகசினிலிருந்து ஏறாமல்
தோட்டா மூக்கால் முட்டிக்கொண்டு நின்றது.
மூன்று நாள் அரத்தால் கெஞ்சினேன் அந்தச் சரிவை.
முதல் இருபது கூடுகளில் நாலு பிளந்தன.
இருபத்தொன்றாவது,
அறையின் உருவை அப்படியே வாங்கிக்கொண்டு
வெதுவெதுப்பாய் என் கையில் விழுந்தது.

வேறெவரும் தவறிப்போய் வேறெதையும் ஊட்டிவிடாதபடி
குழலில் பெயர் பொறிக்க வேண்டும்.
பூனைக்கு மணி கட்டும் வேலை என்னுடையது.
'ஹாக்ஸ்டட் 7' போதும் என்றான்.

எழுத்தச்சுகளை வரிசையாய் வைத்து அடித்தேன்.
கடைசி எண்ணை மட்டும்
கொஞ்சம் ஆழமாக.