முறைப்பாட்டுப் புத்தகம்

சட்ட வைத்திய அதிகாரி
அடிமட்டத்தை வைத்துச் சொன்னார்:
ஆறரை சென்ரிமீற்றர்.
அப்பாவின் முதுகில் இப்படியொரு குழி விழுந்தது
உப்புவெளி இல்லத்தின்
மாதப் பற்றுச்சீட்டு எதிலும் இல்லை.

"பொலிஸில் ஒன்று, நட்டஈட்டுக்கு ஒன்று,
முதியோர் செயலகத்துக்கும் ஒரு கடிதம்.
படங்களை அழிச்சுப்போடாதேங்கோ"
என்றா சட்டத்தரணி றொசாந்தி.

பெயர் தவநாயகம்.
வயது எழுபத்தெட்டு.
தண்ணீர் கேட்டதற்குக் கையைக் கட்டினார்கள்.
சார்ஜன் கார்பன் தாளில் அழுத்தி எழுதுகிறார்.
"நீங்கள் கடைசியா எப்ப போய்ப் பார்த்தனீங்கள்?"

மதிலோரம் ஒரு மான்
எவரோ எறிந்த சோற்றுப்பொதியின் கடுதாசியை
மென்றுகொண்டு நிற்கிறது.

சித்திரையில், என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எந்த வருஷத்துச் சித்திரை என்று
அவர் கேட்கவில்லை.
கையெழுத்து வைக்கும் இடத்தை
விரலால் காட்டினார்.