மூன்றாவது ரவை

சின்னத்தொரை சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து
வைஸ் பூட்டிய மேசைமேல் வைத்தார்.
ஸ்டோரில் இரண்டாம் ட்ரையர் இரைந்துகொண்டிருந்தது.
"ரெண்டு போகுது, மூணாவது நிக்குது.
கொஞ்சம் பாருங்க பாஸ்."

ரவை என்றால் எங்கள் லயத்தில் உப்புமா.
இது அந்த ரவை இல்லை.
பதினோராம் நம்பர் மலையிலிருந்து பன்றி இறங்குகிறது.
தவமணியின் போஞ்சிப் பந்தலை, உருளைக்கிழங்குப் பாத்தியை
மூக்கால் உழுதுவிட்டு
முதல் வெடிக்கு நிமிர்ந்து பார்க்கிறது,
இரண்டாவதற்குத் திரும்புகிறது,
மூன்றாவது வராத நேரத்தில்
அவசரமில்லாமல் தேயிலைக்குள் போய்விடுகிறது.

பட்டாளத்துக்கென்று பிறந்த துவக்கு.
யாரோ கட்டையை மாற்றி, உடம்பைக் குறைத்து,
சின்ன ரவைக்குப் பழக்கி,
லைசன்ஸ் புத்தகத்தில் காட்டுத் துவக்கென்று எழுதிவிட்டார்கள்.
பெட்டியை மட்டும் மாற்றவில்லை.
நெட்டையனுக்குத் தைத்த சட்டைக்குள் குள்ளன் மாதிரி
ரவை முன்னும் பின்னும் ஆடுகிறது.
நிறைந்திருக்கும் வரைக்கும் ஸ்பிரிங்குக்கு ரோஷம்.
இரண்டு போனதும் தளர்ந்து,
ஒரு பக்கமாய்ச் சாய்ந்து,
தட்டை முக்கால்வாசி தூக்கிவிட்டு நின்றுகொள்கிறது.
மூன்றாவது, மூக்கைக் கீழே குத்தி,
பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளை.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.
சொல்ல வாயெடுத்தேன்.
வாய்க்குள்ளேயே நின்றது.

தொண்ணூற்றாறில் மடுல்சீமை பஸ்ஸைப் பசறையில் நிறுத்தினார்கள்.
என் களிசான் பைக்குள் ட்ரையர் கதவு ஸ்பிரிங்,
பதுளையில் அளவு காட்டி வேறு வாங்கக் கொண்டுபோனது.
"இது எந்தத் துவக்குட ஸ்பிரிங்?"
ட்ரையர் என்றேன். சிங்களத்திலும் சொன்னேன்.
"ஸ்பிரிங் பத்தி இவ்வளவு தெரியுதே, யார் படிப்பிச்சது?"
பதினாறு நாள்.
பதினேழாம் நாள் டீமேக்கர் வந்து கையெழுத்துப் போட்டார்:
பாஸ் இல்லாமல் ட்ரையர் நிற்கிறதாம்,
கொழுந்து புளிக்கிறதாம்.
ட்ரையரை விடுதலை செய்தார்கள்,
கூடவே நானும் வந்தேன்.

சின்னத்தொரைக்கு அப்போது நாலு வயதோ ஐந்தோ.
நல்ல மனுசன். சாப்பிட்டாச்சா என்று தமிழில் கேட்பார்.

"தொரை, ட்ரையர்ல தூள் விழுற எடம் பாத்திருக்கீங்கதானே.
தட்டு ஒரு பக்கம் சாஞ்சா
அங்கன குமியும், இங்கன காயாது.
இதுவும் அப்பிடித்தான்."
சிரித்தார். "துவக்குலயும் தேயிலதானா?"
"எனக்குத் தெரிஞ்சது அதுதானுங்களே."
"அப்ப ஒரு ஸ்பிரிங் செஞ்சு போடுங்களேன்."

செஞ்சு.
அந்தச் சொல் மேசைமேல்
துவக்குக்குப் பக்கத்தில் கிடந்தது.
இழுப்பறை பாதி திறந்திருந்தது.
அதற்குள், தடிப்பிலும் சுற்றிலும் சரியாய் ஒன்று,
எண்ணெய் பூசி வைத்தது, என்னைப் பார்த்தது.
முழங்காலால் தள்ளி மூடினேன்.
"லைசன்ஸ் கடைக்கு அனுப்பிடுங்க தொரை.
இதெல்லாம் நமக்கு வெளங்காது."

வேஸ்ட் நூலெடுத்துத் துடைத்தேன்:
குழல், கட்டை, பெட்டி,
நான் தொடாத இடத்தையும் இரண்டு தரம்.

ராத்திரி ஒன்றரைக்கு மேலே மலையில் ஒரு வெடி.
லயத்து நாய்கள். இன்னொரு வெடி.
பிறகு தகரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம் மட்டும்.
"நின்னுட்டுதா?" என்றாள் தவமணி இருட்டில்.
"எது?"
அவள் பதில் சொல்லவில்லை.

பின்பக்கம் போஞ்சிக் கம்பு ஒன்று முறிந்தது.
படுத்தபடியே எண்ணினேன்.
இரண்டு.
மூன்று.
நாலு.
எதிலும் சிக்காமல்
ஒன்றன்பின் ஒன்றாய்
விழுந்துகொண்டிருந்தன.