கதவின் உள்பக்கம்

வெளியே பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.
பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம்.
உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

குருத்தலாவை ரிஸ்மி ஞாயிறு வருகிறார்.
"உள்ளுக்குக் கீறல் கீறல் ஒன்றும் இல்லையே?"
போனில் கேட்டார். "கொஞ்சம்" என்றேன்.
ட்ராட் சன்னி என்னைவிட நாலு வயதுதான் இளசு.
எனக்கும் கொஞ்சம்தான்.

பற்பசை தேய்த்துப் பார்த்தேன்.
தேங்காயெண்ணெய் போட்டேன்.
இரண்டு நாள் எருமை முதுகாய் மினுங்கியது.
மூன்றாம் நாள், சாயம் பூசிய மீசைக்கடியில் வருவதுபோல்
வெள்ளை எட்டிப் பார்த்தது.

சூடு காட்டு என்றான் கராஜ் சுரங்க.
கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை என்றால் அது அழுக்கில்லை,
இழுபட்ட இடம்;
சூடு பட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுமாம்.
சூடு காட்டும் மெஷின் அவனிடமும் இல்லை.
மெர்சியின் சலூனில் தலை காயவைப்பது இருந்தது.
"காருக்குமா கல்யாணம்?" என்று கேட்டுத்தான் தந்தாள்.
ஐந்து மணிக்கு நிஜமாகவே ஒரு மணப்பெண் வருகிறாளாம்,
அதற்குள் வேண்டும்.

ஜன்னலால் வயரை இழுத்து
கதவோடு கதவாய்க் குந்தினேன்.
டாஷ்போர்ட் ஓரத்தில் லீக்ஸ் கூடைக் கம்பி
கிழித்தது. போனது.
முன்கதவில் அருளப்பு மாஸ்டரின் குடைமுனை:
இந்த ஹப்புத்தளையில் அவர் இறங்கும்போதெல்லாம் மழை,
இறங்கும்போதெல்லாம் அவசரம்.
பால் நிறமாய் இருந்தது சாம்பலாகி, கறுத்து,
அவர் ஏறவே இல்லை என்பதுபோல் ஆனது.
ஒரு கெட்ட சந்தோஷம் பிடித்துக்கொண்டது எனக்கு.
இல்லாத கீறலையும் தேடினேன்.

பின்கதவு, இடப்பக்கம்.
கைப்பிடித் திட்டின் அடி விளிம்பில் நாலு கோடு.

அது கலாமதியின் நகம்.
மேல் டிவிசனிலிருந்து இரவு இரண்டு மணிக்கு
தியத்தலாவை ஆஸ்பத்திரிக்கு.
ஒரு ஹெட்லைட் செத்திருந்தது;
புருஷன்காரன் ஜன்னலால் டோர்ச் அடித்தான்,
பாதி நேரம் என் கண்ணாடியில்.
ஒவ்வொரு குழிக்கும் அவள் கத்தவில்லை,
கதவைப் பிடித்தாள். கத்தியது நான்தான்:
குழியை, தோட்டத்தை, அந்த டோர்ச்சை.
பெண் பிள்ளை. ஆறு வயதாகிறது.
ஹயர்க் காசு இன்னும் வரவில்லை.
கேட்கவில்லை.
மறக்கவும் இல்லை.

சூடு காட்டினேன். வெள்ளை போனது,
பள்ளம் போகவில்லை.
இன்னும் கிட்டே பிடித்தேன். இன்னும்.
மெஷினின் வாய் கதவில் ஒட்டுகிற மாதிரி.
பிளாஸ்டிக் வியர்த்தது,
பொசுங்கின சட்டை பொத்தான் வாசம்.
இளகியதும் பழைய ஹேண்ட்பேக் தோலை வைத்து அமுக்கு,
தோல் வரி விழுந்து எல்லாம் மூடிக்கொள்ளும் என்றிருந்தான் சுரங்க.
தோல் எங்கே என்று சீட்டுக்கடியில் தடவும்போது
கரண்ட் போனது.
ஆறிவிடுமே என்ற பதற்றத்தில்
விளிம்பைக் கையாலேயே பிடித்து அமுக்கிவிட்டேன்.

விரலை வாயில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்:
நாலு கோட்டுக்கும் மேலே
என் பெருவிரல் ரேகை, வளையம் வளையமாய்.
அடையாள அட்டைக்கு அலைந்த காலத்தில்
கந்தோரில் எத்தனை தரம் மை பூசி உருட்டினார்கள்;
ஒரு தரம்கூட இவ்வளவு துலக்கமாய் விழவில்லை.

மெர்சி நாலரைக்கே வந்துவிட்டாள்.
குனிந்து பார்த்து, "போகலையே" என்றாள்.
"போகலை."
வயரைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிறு ரிஸ்மி பொனட்டைத் திறந்தார்,
ஒயில் கம்பியைத் துடைத்து வெயிலில் பிடித்தார்,
நாலு டயரையும் உதைத்தார்.
பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து
கதவைச் சாத்தக் கை வைத்தார்.
நாலு விரல் கீழே போய் உட்கார்ந்தது,
பெருவிரல் மேலே.
கையை எடுத்துப் பார்த்தார்.
திரும்ப வைத்தார். சாத்தினார்.
"இது கம்பெனியிலேயே இப்படித்தானா?"
"ஓம் நானா" என்றேன்.

இருபதாயிரம் குறைக்கச் சொன்னார்,
டயருக்கு.