திரும்ப மறுத்தது

டுலூத்தில் பிப்ரவரி.
துறைமுகம் உறைந்து மூன்று வாரம்.
பள்ளிப் பட்டறையில்
செயின் எண்ணெய் வாசம், ஆறிப்போன பீட்சா.

நான்கு சக்கரம், நான்கும் ரப்பர்,
பக்கத்துக்கு இரண்டு மோட்டார்.
நேராக விட்டால்
சுவர்வரை போய்ச் சுவரையும் இடித்தது.
திரும்பச் சொன்னால்
தவளை மாதிரி தத்தியது.
ஒரு நட்டு கழன்று உருண்டு
ஃப்ரிட்ஜுக்கு அடியில்.

"செயின் தளர்வு" என்றான் ரோலண்ட்.
செயின் மாட்டியது நான்.
"புரோகிராம் தப்பு" என்றேன்.
எழுதியது அவன்.
சிக்னி தரையில் படுத்து
கான்கிரீட்டில் கன்னம் வைத்து
ரப்பர் தொடும் இடத்தையே பார்த்தாள்.

"நாலும் விடாப்பிடி.
பக்கவாட்டில் வழுக்க
ஒன்றுகூட ஒப்பவில்லை."

வழுக்கும் சக்கரம் விற்கிறார்கள்,
விளிம்பெல்லாம் குட்டி உருளை வைத்து.
தபாலில் வர செவ்வாய் ஆகும்.
போட்டி சனிக்கிழமை.

ஒன்பதரைக்கு மிஸ்டர் லுண்ட்
விளக்கை ஒருமுறை அணைத்துக் காட்டிவிட்டுப் போனார்.
பின்சக்கரங்களின் ஆரக்கால் நடுவே
வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை நுழைத்து
ரப்பர் மேல் இறுக்கினோம்,
சக்கரத்துக்குப் பதினெட்டு.
நறுக்கிய வால்கள்
என் காலுறைக்குள்ளும் இருந்தன.

திரும்பியது.
பின்பக்கம் குடித்தவன் இடுப்பாய் அலைந்தது,
ஆனாலும் திரும்பியது.
ரோலண்ட் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் நீட்டினான்,
செயினைப் பற்றி எதுவும் சொல்லாமல்.

வெளியே, சிக்னியின் அம்மா வந்த கார்
பனிக்கட்டியில் நாலு சக்கரமும் வழுக்கி
முழுதாய் ஒரு வட்டமடித்து
சாலையைப் பார்த்துத் தானே நின்றது.
யாரும் சிரிக்கவில்லை, முதலில்.