ஆறு செட்டை

பயிற்சியிலை போட்டுக் காட்டின படத்திலை
நடுக்கடலிலை ஒரு ஓடுபாதை.
கப்பல் எண்டு சொன்னாத்தான் கப்பல்.
மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை, ஊதாச் சட்டை எண்டு
பெடியள் குனிஞ்சு குனிஞ்சு ஓடுறாங்கள்.
ஒருத்தன் கொஞ்சம் நிமிர்ந்தான்.
எஞ்சின் அவனை உறிஞ்சினது.
தலைக்கவசம் முதல் போச்சு, பிறகு நெருப்பு,
கனநேரத்தாலை அவன் தவண்டு வெளியிலை வந்தான்.
இரத்மலானையிலிருந்து வந்த ஐயா
படத்தை நிப்பாட்டிச் சொன்னார்:
"உங்களிட்டை அந்த எஞ்சின் இல்லை.
உங்களிட்டை இருக்கிறது உறிஞ்சாது."
சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.
மிச்சத்தை ஆரும் கேக்கேல்லை.

எங்களுக்குச் சட்டை ஒரே நிறம், ஒரே அளவு.
நிமலரூபனுக்கு அது முழங்கால் மட்டும்.

பலாலியிலை விடியக் காலமை முதல் வேலை
வரிசையா நிண்டு நிலம் பாத்து நடக்கிறது.
ஆணி. சோடா மூடி. நாய் கடிச்ச செருப்பு.
சிவப்பு ஓட்டுத் துண்டு ஒண்டு,
ஆற்றை கூரையோ, வாளிக்குள்ளை போடு.
வெறுங்கோது கிடைச்சா அதுக்கு வேறை வாளி,
கையெழுத்தும் வைக்கவேணும்.
மேலை பாக்கச் சொல்லி ஆரும் சொல்லேல்லை.

தை மாசம், வாடைக்காத்து.
வளலாய்ப் பக்கமிருந்து விண் பூட்டின பட்டங்கள்
இரவு பகலாக் கூவும் எண்டு சனம் சொல்லும்.
எங்கடை காதிலை மூடி.

சென்னை விமானம் வந்து நிண்டு
வலப்பக்க எஞ்சின் அடங்கமுதல்
வேலிக்கு மேலாலை ஒண்டு அறுந்து வந்தது.
கொக்குப் பட்டம், ஆளளவு,
பின்னாலை நூல், பின்னாலை நூல், முடியாத நூல்.
சில்லுக்கட்டையோடை நிண்ட நிமலரூபன்
பட்டத்தைத்தான் பாத்தான்.
நூலைப் பிடிக்க ஒரு அடி வைச்சான்,
பிறகு இன்னொண்டு.

சுத்துற செட்டைக்கு உருவம் இல்லை.
அதுக்கு அங்காலை புல்லுத் தெரியும், வேலி தெரியும்,
ஆள்காட்டி ஒண்டு காலைத் தூக்கித் தூக்கி நடக்கிறதும் தெரியும்.
வெறும் இடம் மாதிரி.
அந்த வெறும் இடத்துக்குள்ளைதான் அவன் போறான்.

கத்தினன்.
என்ரை குரல் எனக்கே கேக்கேல்லை.
ரெண்டு கையையும் தலைக்கு மேலை குறுக்கை போட்டு
நட்ட கட்டை மாதிரி நிண்டன்.
விமானிக்கு என்னைத் தெரியும், அவனைத் தெரியாது.
ஓடிப்போய் இழுத்திருந்தா ரெண்டு பேரும் சரி,
நீ செய்ததுதான் முறை எண்டு
பிறகு எல்லாரும் சொல்லிச்சினம்.
நான் முறையை யோசிக்கேல்லை.
கால் வரேல்லை. அவ்வளவுதான்.

நூல் முதல் போய்ச் சுத்துப்பட்டது.
பட்டம் ஒருக்கா எழும்பி, பிறகு கடதாசித் தூள்.
அந்தத் தூள் முகத்திலை அடிக்கத்தான்
அவன் நிண்டான்.
செட்டை மெதுவாகி மெதுவாகி
ஒண்டொண்டா வந்து தெரிஞ்சுது.
ஆறு. கடைசிச் செட்டையிலை ஒரு மூங்கில் ஈர்க்கு.

கதவு திறந்தது.
முதல் இறங்கின அம்மா
எங்கள் ரெண்டு பேரையும் சேத்துப் படம் எடுத்தா.
நிமலரூபன் சிரிச்சான்,
புருவத்திலை பச்சைக் கடதாசி ஒட்டியிருக்க.

அறிக்கையிலை எழுதினது:
பட்டம், ஒண்டு. ஆக்களுக்குச் சேதம், இல்லை.

அண்டு இரவு போன் எடுத்தான்.
"மச்சான், வீட்டு ஃபானை நிப்பாட்டிப்போட்டுப்
பாத்துக்கொண்டிருக்கிறன்.
மூண்டுதான்."
பிறகு கதைக்கேல்லை, வைக்கவும் இல்லை.
நான் அண்ணாந்து என்ரை ஃபானைப் பாத்தன்.
அது சுத்திக்கொண்டிருந்தது.
முகடு மட்டும்தான் தெரிஞ்சுது.