பராமரிப்பு நேரம்

மார்ச்சோடு பழைய வெர்ஷனுக்கு ஆதரவு கிடையாது.
மாதக் கடைசி வேண்டாம் என்றது கணக்குப் பிரிவு.
சனிக்கிழமை லாரி வரும், டிஸ்பாட்ச் ஒத்துக்கொள்ளவில்லை.
எம்.டி.க்கு ஒரு நிமிஷமும் லைன் அறுபடக் கூடாது,
வேலையும் முடிய வேண்டும்.

மிஞ்சியது ஞாயிறு பின்னிரவு, இரண்டிலிருந்து நான்கு.
பாதிக்கப்படுவோர்: ஒருவருமில்லை
என்று அடித்துவிட்டு
அழைப்புப் பதிவைச் சும்மா புரட்டினேன்.

எக்ஸ்டென்ஷன் 431, ஜெனரேட்டர் ஷெட்.
தினமும் இரண்டு நாற்பதுக்கு
212ஐக் கூப்பிடுகிறது.
212 மெயின் கேட்.
பதினோரு நிமிஷம், சில நாள் பதினாறு.

ஷெட்டில் பரந்தாமன், கேட்டில் யேசுபாதம்.
நடுவே எண்பதடி,
அம்பத்தூர்க் கொசு,
ஓடுகிற டீசல் எஞ்சின்.

‘ஒருவருமில்லை’யை அழித்து
‘இருவர்’ என்று திருத்தினேன்.
தொடக்கம்: மூன்று மணி.

ஏன் சார் மூன்று, என்றான் வெண்டர் பையன்.
லைன் பிஸி, என்றேன்.