வெளிநாட்டுத் தொடர்பு

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் தோற்ற இரவு
மார்லிஸ் ஓக்ஸ்னர் அழவில்லை.
தேர்தல் செலவுக் கணக்கை என் சமையல் மேசையில் பரப்பி
"நாற்பது டாலர் இடிக்கிறதே, உமையாள்" என்றாள்.
பீட்சாக் கடை ரசீது. சோபா இடுக்கில் கிடைத்தது.
அதன் பிறகே கோட்டைக் கழற்றினாள்.

பதினான்கு ஆண்டு
பனி மூடிய கணவாய் தாண்டி
ஒலிம்பியாவுக்குப் போய்வந்தவள்.
பள்ளிப் பேருந்துக்கு சீட் பெல்ட் கேட்டு
நள்ளிரவு வரை பேசி
தொண்டை கட்டி, மசோதா தோற்று,
மறுவருடம் அதே மசோதா, அதே தொண்டை.
ஆப்பிள் தோட்டக்காரர்கள் அவள் காரைக் கண்டால்
டிராக்டரை அணைத்துவிடுவார்கள்.
சீக்கிரம் முடியாது என்று தெரியும்.

இப்போது ரிச்லாந்துக்கு வடக்கே
வேலிக்குள் வேலிக்குள் வேலை.
பதவியின் பெயர் அட்டையில் இரண்டு வரி ஓடுகிறது.
என்னதான் செய்கிறாய் என்றால்
"எண்ணுகிறேன்" என்கிறாள்.
எதை?
காற்று உருட்டிப்போகும் முள்பந்துகளைப் பார்க்கிறாள்.

அவனன்றி ஓர் அணுவும் அசையாது,
எங்கள் பக்கம் சொல்வார்கள் என்றேன்.
சிரிக்கவில்லை.
"அசைந்தால் எனக்குத்தான் போன் வரும்."

வேலையில் சேருமுன் ஒரு படிவத்தோடு வந்திருந்தாள்.
ஒன்பது வருடப் பக்கத்து வீடு நான்,
இன்னும் பாஸ்போர்ட் மாற்றாதவள்.
முழுப்பெயர். பிறந்த தேதி. பிறந்த ஊர்.
"தேவகோட்டையா? ஒவ்வோர் எழுத்தாய்ச் சொல்."
உறவின் தன்மை என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
அவையில் மூன்று மணி நேரம் மூச்சுவிடாதவள்
ஒரு விரற்கடைக் கட்டத்துக்குச் சொல் தேடினாள்.

பிறகு ஒருவன் வந்தான், சாம்பல் நிற டை.
குடிப்பாரா, கடன் உண்டா,
ரகசியம் தங்குமா?
என் விவாகரத்தை
ஆறு மாதம் தெருவுக்குத் தெரியாமல் காத்தவள் என்றேன்.
எழுதிக்கொண்டான்.
அவள் காத்ததை
அவளுக்காக நானே கொட்டிவிட்டேன்.

நேற்று ரசம் கேட்டு வந்தாள்.
அந்தக் கட்டத்தில் கடைசியில் என்ன எழுதினாய்?
"சொல்ல அனுமதி இல்லை."
வேடிக்கையா, வேலையா,
முகத்தில் ஒன்றும் இல்லை.
கேட்காமலே அலமாரி திறந்து
உப்பை எடுத்துக்கொண்டாள்,
இரண்டாம் தட்டு, இடது மூலை,
சர்க்கரை என்று எழுதிய டப்பா.